அறுநூறு என்று நான்தான் சொன்னேன்

மகனே,

உன் அப்பன் வாயால்தான் தமிழ்ப் பள்ளிக்கு இடம் கிடைக்காமல் போனது என்று நீ எங்காவது கேள்விப்படுவாய். ஏதோ ஒரு விழாவில், தட்டில் வடையோடு நிற்கும் அங்கிள் ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்வார். நீ வீட்டுக்கு வந்து ஆங்கிலத்தில் என்னைக் கேட்பாய். அதற்குள் எனக்கு ஞாபகம் மங்கியிருக்கலாம். இல்லையென்றால் வயதாகி, எல்லோரிடமும் நல்ல பெயர் வாங்கும் ஆசை வந்திருக்கலாம். அதனால் கோபம் ஆறுவதற்கு முன்பே எழுதி வைக்கிறேன். இது இரண்டாயிரத்து ஒன்று, வசந்த காலம். உனக்கு இரண்டரை வயது. நீ இதைப் படிக்க வேண்டியது இருபத்தோரு வயதில். தமிழ் படிக்க வராமல் போயிருந்தால் அம்மாவைப் படித்துக் காட்டச் சொல். நடுநடுவே நிறுத்தி எனக்கு எதிராக இரண்டு வார்த்தை சொல்வாள். அதையும் கேட்டுக்கொள்.

முதலில் என் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தப்பு அங்கேதான் பிறந்தது. ஓர் ஊரின் தொலைபேசி இணைப்பகம் ஒரே நேரத்தில் எத்தனை அழைப்புகளைத் தாங்க வேண்டும் என்று கணக்குப் போடுவது என் வேலை. சாதாரணச் செவ்வாய்க்கிழமையை வைத்து அந்தக் கணக்கைப் போடக் கூடாது. அன்னையர் தினத்தன்று அமெரிக்காவே போனில் அம்மாவைக் கூப்பிடும். அந்த நாளின் மிக நெருக்கடியான மணி நேரம்தான் எங்களுக்கு அளவு. எட்டு வருடமாக இதையே செய்து செய்து, யார் எதைக் கேட்டாலும் என் வாயில் முதலில் வருவது மோசமான நாளின் எண்தான். உன் அம்மா பிரசவத்துக்குப் போகும் வழியில், ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரமாகும் என்று கேட்டாள். பனி விழுந்து, விபத்து நடந்து, பாலம் மூடினால் இரண்டு மணி நேரம் என்றேன். பத்து நிமிடத்தில் போய்ச் சேர்ந்தோம். அவள் அதை இன்னும் மன்னிக்கவில்லை.

ஈஸ்ட் பிரன்ஸ்விக்குக்குப் பக்கத்தில் இருக்கும் நம் ஊரில், ஞாயிறு மதியம் நாற்பது குழந்தைகள் ஒரு சர்ச்சின் கீழ்த்தளத்தில் தமிழ் படித்தார்கள். அந்தக் கட்டடத்தை விற்கப் போவதாகச் சொல்லிவிட்டார்கள். இரண்டு வருடமாக மூடிக்கிடந்த, பந்து உருட்டி விளையாடும் ஒரு பௌலிங் கூடம் வாடகைக்குக் கிடைத்தது. ஆனால் அது கடைகளுக்கு ஒதுக்கிய பகுதி. அங்கே பள்ளி நடத்த ஊர் வாரியத்தின் அனுமதி வேண்டும். வாரியத்தில் ஏழு பேர். அவர்களில் ஐந்து பேர் சரியென்றால்தான் அனுமதி. அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள், தெருவெல்லாம் கார் நிற்கும் என்று சொல்லி ஒரு வக்கீலை வைத்து எதிர்த்தார்கள். பள்ளியை நடத்தும் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் நான்தான் சாட்சி சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து வக்கீல் டூலன்.

டூலனுக்கு எழுபத்து நான்கு வயது. அயர்லாந்தின் மேற்குக் கரையில் கல்லும் மழையும் தவிர எதுவும் விளையாத ஓர் ஊரில் பிறந்தவர். வீட்டில் பேசியது ஐரிஷ் மொழி, பள்ளியில் ஆங்கிலம். பதினெட்டு வயதில் கப்பலேறி இங்கே வந்து, நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் சுரங்கத்தில் மண் அள்ளினார். பிறகு ஒன்பது வருடம் மாலை நேரச் சட்டக் கல்லூரி. முடிதிருத்தும் கடைக்கு மேலே ஒற்றை அறையில் பெயர்ப்பலகை. ஊர் மன்றத் தேர்தலில் இரண்டு தடவை தோற்று, மூன்றாவது தடவை ஜெயித்து, அங்கிருந்து மாநிலச் சட்டசபைக்கு இரண்டு முறை போனார். மூன்றாவது முறை தோற்றதும் கறுப்புக் கோட்டைத் திரும்ப எடுத்து மாட்டிக்கொண்டார். எங்கள் மேல் பாசம் வந்து வழக்கை எடுத்தார் என்று நினைக்காதே. நானும் அப்படித்தான் நினைத்து, "உங்க மொழி போச்சேங்கிற வருத்தத்துலதானே எங்களுக்கு உதவி பண்றீங்க?" என்று கேட்டேன். அவர் பேசியது ஆங்கிலம். அதை எழுத்துத் தமிழில் எழுதினால் பிரசங்கம் போலாகிவிடும், அதனால் நம் பேச்சில் எழுதுகிறேன். "வருத்தமா? அந்தப் பக்கத்து வக்கீல் என்னைத் தேர்தல்ல தோற்கடிச்சவனோட மருமகன். அதுக்குத்தான் வந்தேன்" என்றார். எனக்கு அந்த நிமிடமே அவரைப் பிடித்துவிட்டது.

அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்று. "கேட்டதுக்குப் பதில் சொல்லு. அப்புறம் வாயை மூடு." மாலை ஏழு மணிக்கு விசாரணை. எதிர்ப்பக்கத்து வக்கீல் எழுந்து, மிக மரியாதையாக, "உங்க கட்டடத்துக்கு எத்தனை பேர் வருவாங்க? அதிகபட்சம்?" என்று கேட்டார். நாற்பது குழந்தைகள் என்று சொல்ல வேண்டிய இடம். அதிகபட்சம் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்குள் இருந்த இஞ்சினியர் எழுந்து நின்றுவிட்டான்.

"பொங்கலுக்கு அறுநூறு" என்றேன்.

டூலன் இருமினார். நான் அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

"அதுக்கு மேல போகாதா?"

"போகலாம். எங்க வழக்கத்துல யாரும் வர்றோம்னு முன்கூட்டிச் சொல்ல மாட்டாங்க. நாங்க கூப்பிடறவங்க வருவாங்க. ஊர்லேருந்து வந்திருக்கிற அவங்க மாமனார் மாமியார் வருவாங்க. பக்கத்து அபார்ட்மென்ட்காரரும் வருவார். அதனால சமையலை எப்பவும் நூறு பேருக்குக் கூடவே சொல்லுவோம்."

விசாரணைக்கு வந்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். என் பேச்சுத் திறமைக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்து நானும் சிரித்தேன்.

"அங்க எத்தனை கார் நிறுத்தலாம்?"

"தொண்ணூறு."

"நன்றி" என்று அவர் உட்கார்ந்துவிட்டார். நேரமாகிவிட்டதால் மீதியை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைத்தார்கள். வாசலில் டூலன் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். இந்த முதல் நாள் தப்பு முழுக்க என்னுடையது. யார் கேட்டாலும் ஒப்புக்கொள்வேன்.

அடுத்த சனிக்கிழமை சங்கத் தலைவர் சண்முகம் அங்கிள் வீட்டில் கூட்டம். ஈரோட்டுக்காரர், இதய டாக்டர், இருபது வருடமாக இங்கே இருப்பவர். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். அவரோ காபி கொடுத்து, பக்கத்தில் உட்கார வைத்துத் தோளில் கை போட்டார்.

"தம்பி, ஒண்ணும் பெருசா வேண்டாமுங்க. அடுத்த தடவை எந்திரிச்சு, சாரி, கேள்வி எனக்குச் சரியாப் புரியல, இங்கிலீஷ் எனக்குத் தாய்மொழி இல்ல, வருஷம் பூராவும் சேத்து எத்தனை பேருன்னு கேக்கறாங்கன்னு நெனச்சுட்டேன்னு சொல்லிருங்க. முடிஞ்சுது."

"அங்கிள், நான் வாரத்துல நாலு நாள் அமெரிக்கன்ஸுக்கு இங்கிலீஷ்ல ட்ரெய்னிங் குடுக்கறேன்."

"அது அவங்களுக்குத் தெரியாதுல்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. "பாருங்க தம்பி, புரியலைன்னு சொன்னா இந்த ஊர்ல கதவைத் தெறந்து விட்டுருவாங்க. புரியுதுன்னு சொன்னாத்தான் வக்கீல் வேணும். நாற்பது கொழந்தைங்க. உங்க பையனும் நாளைக்கு அங்கதான படிக்கணும்?"

அவர் சொன்னது பொய்யில்லை, மகனே. எனக்கே தெரியும். டெக்சாஸில் படித்தபோது, நானும் நாகர்கோவில் நண்பன் ஒருவனும் சுகர் லேண்ட் என்ற ஊரிலிருந்து பழைய கார் ஒன்றில் ஃப்ரீவேயில் பறந்துகொண்டிருந்தோம். போலீஸ் நிறுத்தியது. நண்பன் காதோடு, "மாப்ள, வாயத் தொறக்காத" என்றான். போலீஸ்காரர் கேட்ட எல்லாவற்றுக்கும் இருவரும் "நோ இங்கிலீஷ் சார்" என்று தலையை ஆட்டினோம். பின் சீட்டில் நான் ஆங்கிலத்தில் எழுதிய நூறு பக்க ஆய்வறிக்கை கிடந்தது. அவர் பெருமூச்சு விட்டு, சின்னக் குழந்தைக்குச் சொல்வது போல, மெதுவாகப் போகச் சொல்லிக் கையால் சைகை காட்டிவிட்டு அனுப்பினார். நேரே இந்தியக் கடைகள் இருக்கும் ஹில்கிராஃப்ட் தெருவுக்குப் போய்ப் பிரியாணி சாப்பிட்டோம். அந்தக் கதையைப் பத்து பார்ட்டிகளிலாவது நடித்துக் காட்டியிருப்பேன். அந்த மனிதர் என்னைப் பார்த்த பார்வையை மட்டும் நடித்துக் காட்டியதில்லை.

அதனால் அங்கிளிடம், "யோசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். உண்மையிலேயே சொல்லிவிடலாம் என்றுதான் பாதி மனது. அடுத்த நாள் மதியம் டூலன் பௌலிங் கூடத்துக்கு வரச் சொன்னார், கார் நிறுத்தும் இடத்தை அளப்பதற்காக. நான் டேப்பைப் பிடித்துக்கொண்டே அங்கிளின் யோசனையைச் சொன்னேன்.

"வக்கீலாச் சொல்றேன். அது வேலை செய்யும்" என்றார். "அஞ்சு ஓட்டு என்ன, ஆறு கூட விழும்."

"அப்ப சொல்லிடவா?"

அவர் உள்ளே போய், பந்து உருட்டுகிறவர்கள் முறைக்காகக் காத்திருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றவில்லை. "நான் சட்டசபைக்கு எப்படிப் போனேன்னு உனக்குத் தெரியுமா?" என்றார். எனக்குத் தெரியும். நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். சுரங்கத்தில் வேலை பார்க்கும்போது, தாங்குகட்டைகளைச் சரிபார்க்கும் முன்பே உள்ளே இறங்கிப் பக்கத்தில் நின்றவன் மண் சரிந்து செத்தான். அப்போது டூலனுக்கு ஆங்கிலம் வராது. இறங்காதே என்று மேஸ்திரி போட்ட உத்தரவு புரியவில்லை. அந்தத் துயரத்தில்தான் சட்டம் படித்தார். தொழிலாளிக்கு அவன் மொழியிலேயே எச்சரிக்கை சொல்ல வேண்டும் என்று சட்டசபையில் மசோதா கொண்டுவந்தார். ஒவ்வொரு தேர்தலிலும் இந்தக் கதையைச் சொல்வார், கேட்பவர்கள் அழுவார்கள். சங்கத்தில் அவரை அறிமுகப்படுத்தியபோது நானே இந்தக் கதையைத்தான் சொன்னேன்.

"எனக்கு நல்லாப் புரிஞ்சுது" என்றார் டூலன்.

நான் டேப்பைக் கீழே வைத்தேன்.

"எறங்குன்னான் மேஸ்திரி. கட்டை சரியில்லைன்னு பாட்ஸி சொன்னான், அந்தச் செத்துப்போனவன். எறங்கலேன்னா ரெண்டு பேருக்கும் நாளைக்கு வேலை இல்லேன்னான் மேஸ்திரி. ஒவ்வொரு வார்த்தையும் எனக்குப் புரிஞ்சுது. புரிஞ்சுதான் எறங்கினோம். விசாரணைக்கு முந்தின நாள் மேஸ்திரி வந்து தோள்ல கை போட்டான். நீ புதுசா வந்தவன், மொழி தெரியல, எனக்குப் புரியலேன்னு சொல்லு போதும்னான். சொன்னேன். விசாரிச்ச அதிகாரி என்னைப் பரிதாபமாப் பாத்தார். சாட்சி சொல்ல வேற ஆள் இல்ல. கேஸ் முடிஞ்சுது. எனக்கு நிரந்தர வேலை கெடைச்சுது. பாட்ஸியோட பொண்டாட்டிக்கு ஒண்ணும் கெடைக்கல."

"அப்புறம் அந்த மசோதா?"

"மசோதா நல்ல மசோதாதான். அது தோத்ததுக்கு இன்னும் எனக்குக் கோபம் இருக்கு. ஆனா அந்தக் கதையை நிறுத்த முடியல. முதல் தேர்தல்ல யாரோ ஒருத்தர் எனக்காக மேடையில சொன்னார். கை தட்டினாங்க. அப்புறம் நானே சொன்னேன். முப்பது வருஷம் சொன்னேன். தாங்குகட்டை சரியில்லைன்னு தெரிஞ்சே எறங்கினவனை, ஒண்ணும் தெரியாத அப்பாவியா மாத்தி, அந்த அப்பாவிக்கு ஊரே ஓட்டுப் போட்டுது. எனக்கு யாரும் ஓட்டுப் போடல." பிறகு எழுந்து, "உனக்கு வக்கீலா நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன். அது வேலை செய்யும். நாளைக்குக் கேட்டா நான் சொல்லலேன்னு சொல்லாதே" என்று சொல்லிவிட்டு டேப்பின் மறுமுனையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். எனக்குத் தெரிந்து, அவர் அதை வேறு யாரிடமும் அதற்கு முன்னால் சொன்னதில்லை. பிறகு சொன்னார். உனக்கு எழுதலாமா என்று கேட்டபோது, ஊருக்கே எழுது என்றார். அதனால்தான் இந்தக் கடிதத்தின் ஒரு பிரதியைச் சங்க மலருக்கும் கொடுக்கப் போகிறேன்.

இரண்டாவது விசாரணை. எதிர்ப்பக்கத்து வக்கீல் என் பதிலைத் தட்டச்சு செய்த தாளிலிருந்து நிறுத்தி நிறுத்திப் படித்தார். நூறு பேருக்குக் கூடுதல் சமையல் வரை படித்தார். அவர் கேள்வி கேட்பதற்கு முன், வாரியத்தில் இருந்த ஒரு வயதான அம்மாள், வெள்ளை முடி, மிக நல்ல முகம், என் பக்கம் குனிந்து கேட்டார். "சார், ஆங்கிலம் உங்களுக்கு ரெண்டாவது மொழி. அன்னைக்குக் கேள்வி குழப்பமா இருந்திருக்கலாம், இல்லையா?"

கதவை அவரே திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டாவது வரிசையில் சண்முகம் அங்கிளின் தலை ஆடிக்கொண்டே இருந்தது. உன் அம்மா உன்னை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் இருந்தாள். டூலன் தன் காகிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல மேடம். கேள்வி நல்லாப் புரிஞ்சுது. அறுநூறும் சரியான எண்தான். ஆனா அது வருஷத்துல ஒரு நாள். அந்த ஒரு நாளை எப்பவும் போல ஹைஸ்கூல் அரங்கத்தை வாடகைக்கு எடுத்து நடத்திக்குவோம், எழுதிக் குடுக்கறோம். மத்த ஞாயித்துக்கிழமையெல்லாம் நாற்பது கொழந்தைங்க, இருபத்தஞ்சு கார். ரெண்டு வருஷத்து வருகைப் பதிவேடு இதோ இருக்கு." இங்கே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. "தீயணைப்புக் கூடத்துல நிதி திரட்ட ஊருக்கே பான்கேக் போடற அன்னைக்கு எங்க வீட்டு வாசல் வரைக்கும் கார் நிக்குது. அந்த ஒரு நாளை வச்சு அந்தக் கூடத்தை யாராவது மூடச் சொன்னீங்களா?"

வாரியத் தலைவர் மேசையைத் தட்டினார். டூலன் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். ஓட்டெடுத்தார்கள். ஆதரவு நான்கு, எதிர்ப்பு மூன்று. நான்கு பேர் சரியென்று சொல்லியும், ஐந்து வேண்டும் என்பதால் நாங்கள் தோற்றோம்.

கார் நிறுத்துமிடத்தில் அந்த அம்மாள் என்னைத் தேடி வந்தார். அவர் எதிராகப் போட்டவர். "நான் உங்களுக்கு ஒரு வழி விட்டேனே. குழப்பம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் ஓட்டு உங்களுக்குத்தான்" என்றார். கண் கலங்கியிருந்தார், பாசாங்கு இல்லை. நான் புரிந்துகொண்டு பேசுகிறவன் என்று தெரிந்ததும், அதே நாற்பது குழந்தைகளுக்கு அவரிடம் ஓட்டு இல்லாமல் போய்விட்டது. "தெரியும் மேடம். தெரிஞ்சுதான் சொல்லல" என்றேன். சண்முகம் அங்கிள் நேரே தன் காருக்குப் போய்விட்டார். அவர் மனைவிதான் சொன்னார், "நாற்பது கொழந்தைங்களை விட உங்க ரோஷம் பெருசாப் போச்சா தம்பி?" என்று.

சர்ச் கட்டடத்தை விற்றுவிட்டார்கள். பிள்ளைகள் இப்போது நான்கு வீடுகளின் பேஸ்மென்டில் பிரிந்து படிக்கிறார்கள். நம் பேஸ்மென்டில் பதினோரு பேர். மூன்று குடும்பங்கள் அலுத்துப்போய் நின்றுவிட்டன. அந்தக் குழந்தைகளுக்கு என்னால் நஷ்டம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். உன் அம்மா, "நீங்க ரெண்டாவது தடவை பேசினது சரி. மொதல் தடவை பேசினதுக்கு உங்களை உதைக்கணும்" என்கிறாள். அதுவே நியாயமான தீர்ப்பு என்று நினைக்கிறேன். ஆனால் இதையும் யோசி. நாற்பது பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுத்தரும் ஒரு பள்ளியை, எனக்குப் பேச்சு புரியாது என்று சொல்லியா வாங்குவது? அப்படி வாங்கிய கட்டடத்தில் உன்னை எந்த முகத்தோடு கொண்டுபோய் விடுவேன்?

டூலன் மேல்முறையீடு செய்திருக்கிறார். நீதிபதி புதிதாக யாரையும் விசாரிக்க மாட்டாராம், அன்று பேசியது தட்டச்சாகியிருக்கும் பக்கங்களைத்தான் படிப்பாராம். "உன் அதிகப்பிரசங்கம் பூரா அதுல இருக்கு. பான்கேக் உட்பட" என்றார். தீர்ப்பு எப்படி வரும் என்று தெரியாது. அதற்காக நான் காத்திருக்கப் போவதும் இல்லை. போன வருடம் குடியுரிமை வாங்கினேன். இந்த வருடம் ஊர் மன்றத் தேர்தலில் நிற்கிறேன். நண்பர்கள் பைத்தியம் என்கிறார்கள். பே ஏரியாவில் இருக்கும் உன் மாமா போன் பண்ணி, "அத்திம்பேர், பேசாம அங்கேயே வீட்டை வித்துட்டு வேற ஊருக்குப் போயிடுங்கோ" என்கிறான். போக மாட்டேன். டூலனும் நானும் வேட்புமனுவுக்குத் தேவையான கையெழுத்து வாங்க வீடு வீடாகப் போகிறோம். என் மூக்குக்கு நேரே எட்டு கதவுகள் சாத்தப்பட்டன. ஒன்பதாவது வீட்டில் டூலனை அடையாளம் கண்டுகொண்டு, சுரங்கத்தில் மொழி தெரியாமல் தவித்தவர்தானே நீங்கள் என்றார்கள். வாசலிலேயே நின்று, இல்லை, அது அப்படி நடக்கவில்லை என்று ஆரம்பித்தார். முடிப்பதற்கு அரை மணி நேரம் ஆனது. கையெழுத்துக் கிடைக்கவில்லை. அடுத்த வீட்டுக்கு என்னைவிட வேகமாக நடந்தார்.

உனக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். நீ இங்கே பிறந்தவன், மொழி தெரியாது என்று உன்னால் சொல்ல முடியாது. ஆனால் உன் நிறத்துக்கும் உன் பெயருக்கும் ஏற்ற மாதிரி வேறு ஒரு கதவு வைத்திருப்பார்கள். மிக அன்பாகத் திறந்து விடுவார்கள். கொஞ்சம் குனிந்தால் போதும், உள்ளே வேலை நடந்துவிடும். நம் ஆட்களே பின்னாலிருந்து தள்ளுவார்கள், அதுவும் உன் நல்லதுக்காகவே. போகாதே. மீறிப் போய்விட்டாயானால், ஐம்பது வருடம் அதை வைத்துக்கொண்டிராதே. அன்றைக்கே வீட்டுக்கு வந்து என்னிடம் சொல். கட்டாயம் திட்டுவேன். திட்டி முடித்ததும், அதைச் சரிசெய்ய எங்கே போக வேண்டுமோ அங்கே உன்னோடு நானும் வருவேன்.

அப்பா